ஜூன் மாதத்தில் ஊனமில்லாதவன்

1

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு தடித்த உறை வந்தது. இந்த வின்னிபெக் நகரத்தில் தடித்த உறை என்றால், ஏதாவது ஒரு அலுவலகம் என்னிடம் விளக்கம் கேட்கிறது என்று அர்த்தம். பிரித்துப் பார்த்தால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கனடாவில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். நம் ஊர் மாதிரி வாத்தியார் குடையும் பையுமாக வாசலில் வந்து நின்று, "வூட்ல எத்தினி பேருமா?" என்று குரல் கொடுப்பதெல்லாம் கிடையாது. படிவம் தபாலில் வரும். நம்மை நாமே எண்ணி, நாமே எழுதி, நாமே திருப்பி அனுப்ப வேண்டும். குடிமக்களை இவ்வளவு நம்புகிற அரசாங்கத்தை நான் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கைக்கு நான் லாயக்கானவனா என்பதைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சில வீடுகளுக்குச் சின்னப் படிவம், சில வீடுகளுக்குப் பெரியது. எங்களுக்குப் பெரியது. என் மனைவி சரோஜா இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளுக்கு மாலை ஷிப்ட். அதனால் சாப்பாட்டு மேஜையில் நானும் மகள் நளினியும் மட்டும். நளினிக்குப் பன்னிரண்டு வயது. ஆறு வயதில் இங்கே வந்தவள். நான் தொலைபேசியில் ஆங்கிலம் பேச ஆரம்பித்தால் அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஆகவே அவள் கேள்வியை வாசிப்பது, நான் பதில் சொல்வது, அவள் எழுதுவது என்று ஏற்பாடு.

வீட்டில் பேசும் மொழி என்ன என்று கேட்டிருந்தது. தமிழ் என்றேன். நளினி பேனாவைக் கடித்தாள்.

"எனக்கும் அதேவா?"

"அதேதான். போடு."

போட்டாள். அவள் முகத்தைப் பார்த்தால் பொய்சாட்சி சொல்லக் கூண்டில் ஏறியவள் மாதிரி இருந்தது.

அடுத்த பக்கத்தில் வந்தது அந்தக் கேள்வி. நெடுநாள் உடல்கோளாறு எதனாலாவது வீட்டிலோ, வேலையிலோ, போய்வருவதிலோ, பொழுதுபோக்கிலோ உங்கள் காரியங்கள் மட்டுப்படுகின்றனவா? வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுத வேண்டும். அவள் வாசித்து முடிப்பதற்குள் நான் "நோ, எல்லாருக்கும் நோ" என்றேன்.

நளினி எழுதவில்லை. "ஆர் யூ ஷ்யூர், அப்பா?" என்றாள்.

"ஷ்யூர்."

வீட்டுப்பாடம் இருக்கிறது என்று பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போனாள். படிவம் மூன்று நாள் மேஜைமேல் அப்படியே கிடந்தது. நான் அதன்மேல் செய்தித்தாளைப் போட்டு வைத்தேன்.

2

விஷயம் இதுதான். எனக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, விளக்கு இருக்கும் இடம் மட்டும் மிஞ்சும். மற்றதெல்லாம் யூகம்.

கண்ணமங்கலத்தில் பையனாக இருந்தபோதே இது உண்டு. அம்மா ஆட்டு ஈரலாகவும் முருங்கைக்கீரையாகவும் போட்டுத் தள்ளினார். என் நாக்கு நீண்டதே தவிர கண் தேறவில்லை. கடைசியில் அம்மா வேறு வைத்தியம் சொன்னார்: "வெளிய மூச்சு வுடாத. பொண்ணு குடுக்க மாட்டாங்க." விடவில்லை. பெண்ணும் கொடுத்தார்கள். சரோஜாவுக்கு இன்றுவரை, அதாவது போன வாரம்வரை, இது தெரியாது.

நர்ஸிடமிருந்து ஒரு கண்கோளாறைப் பதிமூன்று வருடம் மறைத்தது என் வாழ்நாள் சாதனை. ஊரில் அவள் வேலூர் ஆஸ்பத்திரியில், நான் ஜவ்வாது மலையில் பள்ளிக்கூட வாத்தியார். இங்கே வந்ததும் அவளுக்கு மாலை ஷிப்ட். எங்கள் தாம்பத்தியம் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் நடந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மறைப்பதற்குச் சில உத்திகள் வைத்திருக்கிறேன். கூட்டமாக நடக்கும்போது குனிந்து ஷூ லேஸ் கட்டுவேன். மற்றவர்கள் முன்னால் போய்விடுவார்கள், அவர்களில் யாராவது வெளிர் நிறச் சட்டை போட்டிருந்தால் அதைக் கண்ணால் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்விடலாம். எல்லாம் எப்போதும் பலிப்பதில்லை. எங்கள் தெருமுனையில் தினமும் சாயங்காலம் நிற்கும் ஒரு குள்ளமான மனிதருக்கு ஒரு குளிர்காலம் முழுக்க குட் ஈவினிங் சொல்லி வந்தேன். அவர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. வெள்ளைக்காரத் திமிர் என்று மனதுக்குள் வைதேன். மார்ச் மாதம் பொழுது நீண்ட பிறகுதான் அது தபால்பெட்டி என்று தெரிந்தது.

இந்த ஊரில் டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் ஒன்பதரைக்கும் வானம் வெளுப்பாக இருக்கும். ஆக, வருடத்தில் பாதி நான் முழு மனிதன். படிவம் வந்ததோ ஜூனில். ஜூன் மாதத்தில் எனக்கு ஊனம் ஏது? கேள்வியைக் குளிர்காலத்தில் கேட்காதது அரசாங்கத்தின் தவறு. மூன்று நாளும் எனக்கு நானே இப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தேன்.

3

எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. ஒருகாலத்தில் இதைக் கேட்டுத் திரிந்தவனே நான்தான்.

எண்பத்தொன்றாம் வருடத்து சென்சஸுக்கு முன்னால் வீடுகளைப் பட்டியல் எடுக்கும் வேலை வந்தது. எண்ணுகிற வேலை எது வந்தாலும் அது வாத்தியார் தலையில்தான் விடியும். புதூர்நாட்டில் ஒரு மலைக்கிராமத்தை எனக்கு ஒதுக்கினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் முற்றிலும் பார்வையில்லாதவர், முற்றிலும் கைகால் விளங்காதவர், முற்றிலும் வாய்பேசாதவர் எத்தனை பேர் என்று எழுத வேண்டும்.

வீடுகள் சரிவெங்கும் சிதறிக்கிடந்தன. வீடு வீடாக ஏறி இறங்கினால் இருட்டிவிடும். கீழே திருப்பத்தூருக்குத் திரும்பும் ஜீப் நாலு மணிக்கு. அதை விட்டால் நான் அதோகதி. அதனால் ஒரு சுருக்குவழி கண்டுபிடித்தேன். ஊர் நாட்டாண்மை சின்னாண்டியை அவர் வீட்டுப் பலாமரத்தடியில் பிடித்து உட்காரவைத்து, அவர் வாயாலேயே ஊர் முழுவதையும் எழுதிக்கொள்வது. மனுஷன் நல்ல கெட்டி. யார் வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஆடு, எந்த ஆடு சினை என்பதுவரை கடகடவென்று ஒப்பித்தார்.

அந்தக் கேள்வி வந்தபோது எனக்கு நாக்கு கூசியது. குருடு, நொண்டி, ஊமை என்று ஒரு பெரிய மனிதரிடம் எப்படிக் கேட்பது? எனக்கே ஒரு பாதி பொருந்துகிற வார்த்தை வேறு. நாசூக்காக மாற்றிக் கேட்டேன்.

"இந்த வூட்ல வேல செய்ய முடியாதவங்க யாராச்சும் கீறாங்களா?"

"வேல செய்யாம எப்டிங்க சோறு துன்றது? யாரும் இல்ல."

அடுத்த வீட்டுக்கும் அதே கேள்வி, அதே பதில். பத்தாவது வீட்டில் சின்னாண்டிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இன்னா வாத்தியாரே, கேட்டதயே கேக்கறீங்க? இந்த ஊர்ல சும்மா குந்தினு துன்றவன் ஒர்த்தனும் இல்ல. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. ஊர் முழுக்கச் சைபர். நாலு மணி ஜீப்பில் ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்தேன்.

திருப்பத்தூரில் மேற்பார்வை அதிகாரி என் தாள்களைப் புரட்டினார். "இன்னாங்க இது, ஒரு ஊருக்கே ஒர்த்தருமில்லியா? வானத்துலேந்து எறங்கினவங்களா அவுங்க? போய்ட்டு வூடு வூடா பாத்துட்டு வாங்க வாத்தியாரே."

மறுபடி மலையேறினேன். என்னைப் பார்த்ததும் சின்னாண்டி வீட்டுக்குள்ளிருந்து வரவேற்க வந்தார். இரண்டு கையிலும் இரண்டு மரக்கட்டைகள். அவற்றை ஊன்றி ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார். கால்கள் இரண்டும் மெலிந்து மடங்கிப் பின்னால் இழுபட்டன.

ஒரு நாள் பூராவும் அந்த மனிதருக்கு எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறேன். அவர் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. வேட்டி மூடியிருந்தது. பட்டப்பகலில், நல்ல வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை. அதற்கு மாலைக்கண்ணைக் காரணம் சொல்ல முடியாது.

"அன்னிக்கே ஏங்க சொல்லல?" என்று கேட்டேன்.

அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "நீங்க வேல செய்ய முடியாதவன கேட்டீங்க. நாட்டாண்ம வேல இன்னா காலால செய்றதா? நாயம் வாயால சொல்றது."

வீடு வீடாகப் போனேன். ஆடு மேய்க்கும் ஒரு பெண்ணுக்குப் பேச்சு வராது. கைதட்டி மந்தையையே திருப்பினாள். பலாத்தோப்புக் காவல்காரர் குப்பனுக்கு இரண்டு கண்ணும் கிடையாது. இன்னும் சிலர். எண்ண ஒரு கை விரல் போதவில்லை. ஒற்றைக் கண்காரரையும் விரல்கள் போனவரையும் எழுத வழியில்லை, ஏனென்றால் படிவத்துக்கு எல்லாம் "முற்றிலும்" வேண்டும். தேசத்தில் இத்தனை பேருக்கு ஊனம் என்று பத்திரிகையில் ஒரு எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலாமரம்தான் ஞாபகம் வரும். நாடு முழுக்க எத்தனை மரத்தடியில் எத்தனை வாத்தியார்கள் ஜீப்புக்குப் பயந்து சைபர் போட்டார்களோ தெரியாது.

4

கடைசி வீடு குப்பனுடையது. அங்கே எழுதி முடிப்பதற்குள் பொழுது இறங்கிவிட்டது. அன்று ஜீப்பை ஆறு மணிக்குக் கீழ்ப்பாதையில் நிற்கச் சொல்லியிருந்தேன். பாதைவரை மலைச்சரிவு. நான் பையைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன்.

பலா பழுக்கிற காலம். கரடி இருட்டில்தான் வரும். இருட்டில் கண் இருந்து என்ன ஆகப்போகிறது, நல்ல காதுள்ளவன் தட்டி விரட்டத் தகரத்தை வைத்துக்கொண்டு உட்காரட்டும் என்று ஊர் கூடி அவரைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். குப்பன் தகரத்தைக் கீழே வைத்தார்.

"வாங்க, பாதையில வுட்டுட்டு வர்றேன். தோள்ல கைய வைங்க."

வைத்தேன். அவர் சரசரவென்று இறங்கினார். நான் ஒவ்வொரு கல்லையும் காலால் தடவி விசாரித்து இறங்கினேன். கொஞ்ச தூரத்தில் அவர் நின்றார்.

"வாத்தியாரே, உங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

"இருட்ல யாருக்குத் தெரியும்?"

"நம்ம ஊரு ஆளுங்க இந்நேரத்துல ஓடுவாங்களே." மறுபடி நடக்கத் தொடங்கினார். பிறகு, "எம்பேர எழுதிக்கினீங்க. உங்க பேர ஆரு எழுதிக்குவாங்க?" என்றார். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நான் இந்த ஊரு லிஸ்ட்ல வர்லீங்க" என்றேன்.

"அப்ப சரி" என்றார் குப்பன்.

கண்ணமங்கலத்தில் எங்கள் வீட்டைப் பட்டியல் எடுக்க வந்தவரிடம் அம்மா, "அப்டி ஆரும் எங்க வூட்ல இல்லீங்க" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினாராம். எனக்கு "முற்றிலும்" இல்லைதானே. சட்டப்படி நான் சுத்தம்.

5

இங்கே நான் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் பகல் வேலை செய்கிறேன். கார் ஓட்டும் உரிமம் வாங்கியது ஒரு ஜூலை மாதக் காலை பத்து மணிக்கு. முதல் தடவையிலேயே பாஸ். குளிர்காலத்திலும் ஓட்டினேன். தெருவிளக்கும் பனியின் வெளுப்பும் இருக்கிறதே என்று ஒரு தைரியம். நளினிக்கு வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் ஐஸ் ஸ்கேட்டிங் வகுப்பு. சரோஜா வேலையில் இருப்பாள், அதனால் நான்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர வேண்டும்.

போன ஜனவரியில் ஒரு நாள் வகுப்பு முடிந்து வீட்டு வாசலுக்குள் காரைத் திருப்பினேன். சக்கரத்தின் அடியில் படீரென்று ஏதோ உடைந்தது. இறங்கித் தடவிப் பார்த்தால், பக்கத்து வீட்டுப் பையன் பனிமேல் விளையாடும் சிவப்பு நிறச் சறுக்குப்பலகை. அவனுக்கு ஐந்து வயது. பலகைமேல் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தவன், கையுறை நனைந்துவிட்டது என்று அப்போதுதான் வீட்டுக்குள் போயிருந்தான். அவன் அம்மாவிடம் பனியில் டயர் வழுக்கிவிட்டது என்றேன். மறுநாள் புதுப் பலகை வாங்கிக் கொடுத்தேன். எவ்வளவு நல்ல மனிதர் என்று அந்த அம்மாள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அன்று காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நளினி. அடுத்த வாரம் வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் ஸ்கேட்டிங் ஷூவை அலமாரிக்குள் தள்ளிவிட்டு, "நான் வரல. ஸ்கேட்டிங் போர்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். வந்த புதிதில் ஐஸ்மேல் நிற்கக்கூடத் தெரியாமல் விழுந்து விழுந்து கற்றவள், போட்டிக்கு அனுப்பலாம் என்று டீச்சரே சொன்ன பெண். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எதிலும் ஒரு பிடிப்பு கிடையாது, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று பிரசங்கம் செய்தேன். ஊரிலிருக்கும் என் தம்பிக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன், பிள்ளைகள் நம் கையை விட்டுப் போகிறார்கள், அங்கேயே இருந்திருக்கலாம் என்று. கடிதம் நன்றாக வந்திருந்தது. அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

6

நாலாம் நாள் சாயங்காலம் நளினி செய்தித்தாளைத் தூக்கிவிட்டுப் படிவத்தை எடுத்தாள். அனுப்ப வேண்டிய கெடு நெருங்கியிருந்தது.

"இந்தக் கேள்வி மட்டும்தான் பாக்கி, அப்பா."

"நோ போட்டுடுன்னு சொன்னேனே."

அவள் கேள்வியை மறுபடி வாசித்தாள். பிறகு எனக்காகத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். "லிமிட்டட்னா, ஒருத்தருக்குப் பிடிச்ச ஒண்ண செய்ய முடியாம ஸ்டாப் பண்றது. கரெக்டா?"

"கரெக்ட்."

"நான் ஸ்கேட்டிங் ஸ்டாப் பண்ணிட்டேன்."

"அது நீயே போர்னு சொன்னது."

"போர் இல்ல. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்." அவள் பேனாவின் மூடியைத் திருகினாள். "நீங்க டார்க்ல ஓட்டக் கூடாதுன்னு நிறுத்தினேன். அந்தச் சின்னப் பையன் உள்ள போகலைன்னா? அப்போ இந்த யெஸ்ஸ யாருக்குப் போடணும், அப்பா? உங்க பேருக்கா, என் பேருக்கா?"

அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். ஜனவரியிலிருந்து அவனை நினைக்காமலிருக்க நான் பட்ட பாடும் நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் காது சுட்டது. சின்னாண்டியின் ஊரில் யாரும் எதையும் ஒளிக்கவில்லை. குப்பனுக்குக் கண் இல்லை என்பது ஊருக்கெல்லாம் தெரியும், தெரிந்துதான் அவருக்கேற்ற வேலையைக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்ன "யாரும் இல்லை"யில் ஒரு நியாயம் இருந்தது. என் வீட்டில் நான் ஒளித்ததை ஒரு குழந்தை கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல், தன்னிடமிருந்து பிடித்ததை எடுத்து அதை மூடியிருக்கிறாள். நான் அதற்குத் தம்பிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

பேனாவை வாங்கி என் பெயருக்கு நேரே "ஆம்" என்ற கட்டத்தில் குறியிட்டேன். போய்வருவதில் என்ற வரியிலும் குறியிட்டேன். கோடு கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. நளினி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கடைசியாக அவள் அப்படி உட்கார்ந்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலை படிவத்தை சரோஜாவிடம் கொடுத்தேன், கையெழுத்துப் போடுவதற்கு முன் சரிபார்க்கச் சொல்லி. வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. அந்தக் கேள்வி இருந்த பக்கத்தில் அவள் கண் நின்றுவிட்டது.

"எத்தினி வருசமா?"

"சின்ன வயசுலேந்து."

ஆஸ்பத்திரிக் குரலில் அடுத்தடுத்துக் கேள்வி கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சறுக்குப்பலகையையும், நளினி ஸ்கேட்டிங்கை நிறுத்திய காரணத்தையும் சொன்னேன். படிவத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்தாள். பிறகு சட்டென்று திரும்பினாள்.

"பொண்ணு பாக்க வந்தீங்களே, வெளக்கு வெச்ச பின்னால. அன்னிக்குக் கரண்டு வேற இல்ல. என்னியப் பாத்தீங்களா இல்லியா?"

"காபி டம்ளர் பளபளன்னு தெரிஞ்சிது."

"அப்பறம் இன்னாத்துக்குப் புடிச்சிருக்குன்னு சொன்னீங்க?"

"எங்கம்மா தொடையில கிள்ளினாங்க."

நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டாள். "பகல் ஷிப்ட் கேக்கறேன். நாளைக்கு கண் டாக்டராண்ட போறோம், ரெண்டு பேரும்" என்றாள். பிறகு மாடியைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்.

"நளினி, இப்ப உன் காலு எத்தினி சைசுடி?"